பழமொழி கற்பிக்கப் போய்ப் பாடம் கற்ற கதை

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில், ஆங்கில இலக்கியத் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே, சிறிது சுருக்கித் தரப்படுகிறது.)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, என் வணக்கத்திற்குரிய பேராசிரியப் பெருமக்களே, என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து இன்று தாத்தா பாட்டிகளாக வந்திருக்கும் நண்பர்களே, பின்வரிசையில் சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்று காத்திருக்கும் இன்றைய மாணவ மாணவியரே! 

செயலாளர் போன் செய்து, "சார், நீங்க வெளிநாட்டில் வாத்தியாரா இருந்தீங்களாமே, அதைப் பத்திப் பெருமையா நாலு விஷயம் சொல்லுங்க, பசங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். பெருமையாகச் சொல்ல அதிகம் தேறவில்லை. ஆனால் வெட்கப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அது மறக்கவில்லை. எனக்கு ஆங்கிலம் கற்பித்த இந்தக் கல்லூரியில் அதைச் சொல்வதுதான் முறை என்று படுகிறது. ஊக்கம் கிடைக்குமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் இங்கே இளங்கலை முடித்து, பி.எட். படித்து, ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆறு வருஷம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 1980-இல் நைஜீரியாவுக்கு ஆசிரியர் தேவை என்று விளம்பரம் வந்தது. ஏன் தேவை என்பது அப்போது எனக்குத் தெரியாது, பிறகுதான் தெரிந்தது. அந்நாட்டின் மேற்குப் பகுதியில் ஒபாஃபெமி அவொலோவோ என்ற தலைவர் 1955-இலேயே தொடக்கக் கல்வியை இலவசமாக்கியிருந்தார். நம் காமராசர் இங்கே முதலமைச்சராக இருந்த அதே காலம். பின்னர் 1979-இல் அவருடைய கட்சி ஆட்சிக்கு வந்த மாநிலங்களில் உயர்நிலைக் கல்வியையும் இலவசமாக்கினார்கள். ஊருக்கு ஊர் பள்ளிகள் முளைத்தன. பிள்ளைகள் வந்துவிட்டார்கள், ஆசிரியர்கள் இல்லை. அதனால் கானா நாட்டிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். அப்படிப் போனவர்களில் நானும் ஒருவன்.

ஓயோ மாநிலத்தில் ஒரு சிற்றூர். யொரூபா மக்கள் வாழும் ஊர். செம்மண் சாலை, தகரக் கூரை வீடுகள், வாரச் சந்தை. காராமணியை ஊறவைத்து அரைத்துச் செம்பனை எண்ணெயில் பொரித்து எடுக்கும் அக்கரா என்ற பண்டம் நம் வடைக்குக் கூடப்பிறந்தது. அதைத் தின்ற முதல் நாளே, 'சரி, பிழைத்துக்கொள்ளலாம்' என்று தைரியம் வந்தது. மனைவியையும் இரண்டு வயது மகளையும் ஊரில் விட்டுவிட்டுத் தனியாகத்தான் போயிருந்தேன்.

எனக்குக் கொடுத்த வகுப்பு ஃபார்ம் ஃபோர். நம் பத்தாம் வகுப்பு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு மேற்கு ஆப்பிரிக்கத் தேர்வுக் குழுவின் ஓ லெவல் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகள். அதில், ஒரு பழமொழியைக் கொடுத்து, அதை விளக்கும்படி ஒரு கதை எழுது என்று கேட்பதுண்டு. எனவே ஆங்கிலப் பழமொழிகளைப் பாடமாக நடத்த வேண்டியிருந்தது. எனக்கா கஷ்டம்? இந்தக் கல்லூரியில் பேராசிரியர் சொல்லிக்கொடுத்த பட்டியல் நோட்டோடு இருந்தது. அதை அப்படியே கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

முதல் சிக்கல் ஒரு குழந்தையால் வந்தது. குளித்த தண்ணீரோடு குழந்தையையும் சேர்த்துக் கொட்டிவிடாதே என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. வேண்டாததைக் கழிக்கும்போது வேண்டியதையும் சேர்த்துக் கழித்துவிடாதே என்று பொருள். இது ஜெர்மன் பழமொழி. 1512-இல் தாமஸ் முர்னர் என்பவர் எழுதிய அங்கத நூலில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தாமஸ் கார்லைல் மூலமாக ஆங்கிலத்துக்கு வந்தது. இதையெல்லாம் நான் விளக்கினேன். வகுப்பே திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தது. ஒரு பெண் எழுந்து, "சார், அந்தக் குழந்தையோட பாட்டி எங்கே போயிருந்தாங்க?" என்று கேட்டாள்.

சிரிக்காதீர்கள். அது சரியான கேள்வி. அந்த ஊரில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது பாட்டியின் உரிமை. நம்மூரில் காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் போட்டுக் குளிப்பாட்டுகிறோமே, அதே மாதிரிதான். சுற்றி நாலு பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். தொட்டியே கிடையாது. தனியாக ஒரு தாய், தனியாக ஒரு தொட்டி, தண்ணீர் கலங்கிக் குழந்தை கண்ணுக்குத் தெரியாமல் போவது என்பதெல்லாம் அவர்களுக்கு நடக்கவே முடியாத கதை. நடந்தால், போலீசுக்குச் சொல்ல வேண்டிய கதை.

இரண்டாவது, பாட்டிக்கு முட்டை உறிஞ்சக் கற்றுக்கொடுக்காதே என்ற பழமொழி. நம்மூரில் கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்கிறோமே, அந்த மாதிரி கிண்டல். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. கட்டுரையில் அத்தனை பேரும் அதை ஒரு நீதிக் கட்டளையாக, 'பெரியவர்களுக்குப் புத்தி சொல்வது பெரும் குற்றம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் சிவப்பு மையால் 'நகைச்சுவை புரியவில்லை' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். புரியாதவன் யார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஊரில் பிள்ளைகள் வளரும் விதத்தை இங்கே கொஞ்சம் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும். யொரூபாப் பையன் பெரியவர்களைக் கண்டால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குவான். பெண் பிள்ளை மண்டியிடுவாள். பெரியவர் கையில் இடது கையால் எதையும் கொடுக்க மாட்டார்கள். பெரியவர் பேசும்போது கண்ணை நேருக்கு நேர் பார்க்க மாட்டார்கள், பார்வையைத் தாழ்த்திக்கொள்வார்கள். எனக்கு இதெல்லாம் புதிதல்ல. நம் வீடுகளிலும் இதில் பாதி இருந்ததுதான். ஆனால் பி.எட்.-இல் நான் படித்தது என்ன? 'கண்ணைப் பார்த்துப் பேசாத மாணவன் எதையோ மறைக்கிறான்.' அந்தப் பாடத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். "லுக் அட் மீ அண்ட் ஸ்பீக்!" என்று தினமும் கத்துவேன். பிள்ளைகள் மேலும் குனிவார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. இவ்வளவு பணிவு காட்டச் சொல்லும் அதே ஊரில் குழந்தைக்கு இருக்கிற இடமும் பெரியது. ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டால் அவளை இன்னாருடைய அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தாத்தா இறந்தபின் பிறக்கும் பேரனுக்கு பாபாதுண்டே என்று பெயர் வைப்பார்கள், 'அப்பா திரும்பி வந்துவிட்டார்' என்று பொருள். பாட்டி இறந்தபின் பிறக்கும் பேத்திக்கு யெதுண்டே, 'அம்மா திரும்பி வந்துவிட்டாள்'. இரட்டைப் பிள்ளைகள் பிறந்தால் முதலில் வருவது தைவோ, அடுத்து வருவது கெஹிண்டே. நாம் என்ன நினைப்போம்? முதலில் பிறந்தது மூத்தது. அவர்கள் கணக்கு வேறு. மூத்தவர் கெஹிண்டேதான், 'உலகம் எப்படி இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வா' என்று தம்பியை முன்னே அனுப்பிவிட்டு, நிதானமாக வருகிறவர்.

இந்த நிலையில்தான் என் பட்டியலில் அந்தப் பழமொழி வந்தது. பிள்ளைகள் கண்ணில் படலாம், காதில் படக் கூடாது. 'சில்ட்ரன் ஷுட் பி ஸீன் அண்ட் நாட் ஹெர்ட்.' இது மிகப் பழையது. 1400-ஐ ஒட்டிய காலத்தில் ஜான் மிர்க் என்ற ஆங்கிலப் பாதிரியார் எழுதிய பிரசங்கத் தொகுப்பிலேயே இது பழமொழியாக இருக்கிறது. ஆனால் அங்கே அது குழந்தைகளைப் பற்றியதல்ல, கன்னிப்பெண்களைப் பற்றியது! பெண்களுக்குப் போட்ட வாய்ப்பூட்டு பிற்காலத்தில் குழந்தைகளுக்கு மாறியது. இதெல்லாம் பின்னாளில் நான் தேடிப் படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது பட்டியல் மட்டும்தான்.

1981 ஜனவரி. சகாரா பாலைவனத்திலிருந்து ஹார்மட்டான் என்ற வறண்ட காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும் மாதம். உதடு வெடிக்கும், கரும்பலகையில் எழுதினால் சாக்பீஸ் பொடியும் காற்றின் புழுதியும் ஒன்றாகப் பறக்கும். அன்றைக்கு நான் கொடுத்த வேலை: ஒவ்வொருவரும் எழுந்து ஓர் ஆங்கிலப் பழமொழியைச் சொல்லி, அதற்கு நிகரான யொரூபாப் பழமொழியையும் சொல்ல வேண்டும். ஒரு பையன். பதினைந்து வயது இருக்கும். நன்றாக எழுதுவான், வாயைத் திறக்க மாட்டான். அவன் முறைக்கு வந்தது, பிள்ளைகள் காதில் படக் கூடாது என்ற அந்தப் பழமொழி.

எழுந்து நின்றான். தலையைக் குனிந்துகொண்டான். "என்னைப் பார்த்துச் சொல்" என்றேன். பார்க்கவில்லை. மெதுவாக, "டோடோ, ஓ ஷே பி ஓவே ஓ" என்று சொல்லி நிறுத்திவிட்டான். வேறு ஏதோ சொல்லப் போகிறான் என்று நான் காத்திருந்தேன். அவனும் காத்திருந்தான். வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "என்ன சொன்னாய்?" என்றேன். மறுபடியும் அதையே சொன்னான். மறுபடியும் நிறுத்தினான். இப்போது வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

எனக்கு டோடோ என்ற சொல்தான் காதில் விழுந்தது. என்னை ஏதோ பட்டப்பெயர் சொல்லிக் கேலி செய்கிறான் என்று முடிவு கட்டினேன். ஊருக்குப் புதிது, நிறத்தில் வேறு, மொழி தெரியாது, வயது இருபத்தொன்பது. இந்த நாலும் சேர்ந்தால் கோபம் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். மேசையிலிருந்து பிரம்பை எடுத்தேன். உள்ளங்கையில் இரண்டு அடி. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். சிரிப்பு நின்றது. வகுப்பு அமைதியாகிவிட்டது என்று எனக்குப் பெருமை வேறு.

இடைவேளையில் துணைத் தலைமையாசிரியர் என்னை அழைத்தார். ஐம்பத்தைந்து வயதுக்காரர், அகலமான அங்கி, கனத்த குரல். பக்கத்து வகுப்பில் இருந்தவர், எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. கோபப்படவில்லை. "உட்காருங்கள்" என்றார். "பையன் என்ன சொன்னான் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். "எங்களுக்குப் பழமொழி என்பது பெரியவர்களுடைய சொத்து. 'ஓவே லெஷின் ஓரோ' என்போம், பழமொழி சொல்லின் குதிரை. பேச்சு வழி தப்பிப் போனால் அந்தக் குதிரையில் ஏறிப் போய்த் தேடிக் கொண்டுவரலாம். அந்தக் குதிரையில் சின்னவர்கள் கேட்காமல் ஏறக் கூடாது. பெரியவர் முன்னால் சின்னவன் பழமொழி சொல்ல நேர்ந்தால், முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். 'பொறுத்துக்கொள்ளுங்கள், இது பழமொழி மாதிரி இருக்கிறது' என்று. அதைத்தான் அவன் சொன்னான். அதற்குப் பெரியவர் பதில் சொல்ல வேண்டும்: 'நீ இன்னும் பல பழமொழி சொல்ல வாழ்வாய்.' அந்தப் பதிலுக்குத்தான் பையன் காத்து நின்றான். உங்களுக்கு உங்கள் வசனம் தெரியவில்லை, அதனால்தான் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் உங்களிடம் ஆசீர்வாதம் கேட்டான். நீங்கள் பிரம்பால் கொடுத்தீர்கள்."

நண்பர்களே, அந்த நாற்காலியில் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ஒரு பையன் மரியாதையாக நடந்துகொண்டதற்காக நான் அவனை அடித்திருக்கிறேன். மரியாதை கற்பிப்பதாக நினைத்துக்கொண்டு!

"அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று எழுந்தேன். அவர் தடுத்தார். "வகுப்பில் எல்லார் முன்னாலும் வாத்தியார் மன்னிப்புக் கேட்டால் அந்தப் பாரத்தை அவன் எங்கே கொண்டு போய் வைப்பான்? சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போவோம். பெரியவர்களிடம் சொல்வோம்" என்றார்.

போனோம். பெரிய முற்றம், சுற்றிலும் நாலைந்து குடும்பம். நடுவில் ஒரு பாட்டி பாயில் உட்கார்ந்திருந்தார். துணைத் தலைமையாசிரியரே அவர் முன்னால் குனிந்து தரையைத் தொட்டு வணங்கினார். நானும் நம் வழக்கப்படி காலைத் தொட்டுக் கும்பிட்டேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு, 'ஓயிபோ கும்பிடுகிறான்!' என்று. ஓயிபோ என்றால் வெள்ளைக்காரன். என்னையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன், அவர் மொழிபெயர்த்தார்.

பாட்டி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு பழமொழி சொன்னார். 'சிறுவனின் கை பரண்மேல் எட்டாது. பெரியவனின் கை சுரைக்குடுக்கைக்குள் நுழையாது.' உனக்கு எட்டுவது அவனுக்கு எட்டாது, அவனுக்கு நுழைவது உனக்கு நுழையாது, இரண்டு கையும் வேண்டும் என்று பொருள். பிறகு, "பையன் எந்தப் பழமொழி சொல்ல வந்தான் என்று கேட்டாயா?" என்றார். நான் கேட்கவே இல்லை!

பையனைக் கூப்பிட்டார்கள். வந்து தரையில் விழுந்து வணங்கிவிட்டுச் சொன்னான். 'சிறுவனும் அறிவாளி, பெரியவனும் அறிவாளி. இருவர் அறிவாலும்தான் இலே-இஃபே உண்டாயிற்று.' இலே-இஃபே என்பது யொரூபா மக்களின் புனித ஊர். உலகமே அங்கிருந்துதான் தோன்றியது என்பது அவர்கள் நம்பிக்கை. அதாவது, என் ஆங்கிலப் பழமொழிக்கு நிகரானதை அவன் தேடியிருக்கிறான், கிடைக்கவில்லை. எதிரானதுதான் கிடைத்தது. வாத்தியார் சொன்னதற்கு எதிராகச் சொல்ல வேண்டியிருந்ததால்தான் அவ்வளவு தயங்கி, அவ்வளவு குனிந்து, மன்னிப்புக் கேட்டிருக்கிறான். என் வகுப்பிலேயே அன்றைக்குச் சரியாக யோசித்தவன் அவன் ஒருவன்தான். அவனுக்குத்தான் அடி.

எழுந்து கிளம்பும்போது பாட்டி, "உனக்குப் பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டார். "ஒரு பெண். ஊரில் இருக்கிறாள்" என்றேன். "பெயர்?" சொன்னேன். அது என் அம்மாவின் பெயர். அம்மா 1976-இல் தவறிவிட்டார், மகள் 1978-இல் பிறந்தாள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெயரைச் சுமப்பதால்தான் பெயரன், பேரன், பெயர்த்தி, பேத்தி. என் மனைவிகூட மாமியார் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தயங்கி, மகளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். இதைக் கேட்டதும் பாட்டி முகம் மலர்ந்துவிட்டது. "யெதுண்டே! உங்கள் ஊரிலும் யெதுண்டே உண்டா!" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். "உன் அம்மா உன்னைத் தேடித் திரும்பி வந்திருக்கிறாள். நீ எதற்கு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாய்?"

துணைத் தலைமையாசிரியர் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். பிறகு சொன்னார். எனக்குப் பதில் இல்லை. சம்பளம், வீட்டுக் கடன், தங்கை கல்யாணம் என்று ஆயிரம் காரணம் உண்டு. அந்த முற்றத்தில் நின்றபோது ஒன்றும் வாயில் வரவில்லை. 1982-இல் மனைவியையும் மகளையும் அங்கேயே அழைத்துக்கொண்டேன் என்றால், பாதிக் காரணம் அந்தப் பாட்டிதான். என் மகள் அந்த ஊரில் மூன்று வருஷம் வளர்ந்தாள். 1985-இல் திரும்பி வந்தபோது, பஸ் நிலையத்தில் வரவேற்க வந்த பெரியப்பா முன்னால் பொத்தென்று மண்டியிட்டாள். "என்னடா பிள்ளைக்குக் கால் வலியா?" என்று அவர் பதறிப்போனார்!

சரி, வகுப்புக்கு வருவோம். அதற்குப் பிறகு பட்டியலைக் கரும்பலகையில் எழுதுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு பழமொழிக்கும் மூன்று கேள்வி எழுதினேன். இதை யார் சொல்வது? யாரிடம் சொல்வது? சொன்ன பிறகு யார் வாய் மூடும்? இந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம். பிள்ளைகளைப் பற்றிய பழமொழிகளை எந்த மொழியில் எடுத்தாலும் பாருங்கள், பெரும்பாலும் பிள்ளைகள் சொன்னதாக இருக்காது. பெரியவர்கள் சொன்னது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு சொன்னது.

வகுப்பு களைகட்டியது. கம்பை ஒதுக்கினால் பிள்ளை கெடும் என்ற ஆங்கிலப் பழமொழியை எடுத்தோம். கருத்து விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொற்கோவையைப் பிரபலமாக்கியது 17-ஆம் நூற்றாண்டில் சாமுவேல் பட்லர் எழுதிய 'ஹூடிப்ராஸ்' என்ற கேலிக் காவியம். அதற்கு அவர்கள் சொன்ன யொரூபாப் பழமொழி: 'வலது கையால் பிள்ளையைக் கண்டித்தால் இடது கையால் அணைத்துக்கொள்.' நான் நம் பழமொழியைச் சொன்னேன், அடிக்கிற கைதான் அணைக்கும். ஒரே கையா, இரண்டு கையா என்று அரை மணி நேரம் விவாதம்! ஒரு பையன் சொன்னான், "சார், எங்க ஊர்ப் பிள்ளைக்குத்தான் லாபம். அடிக்கிற கை ஓய்ந்த பிறகு காத்திருக்க வேண்டாம், இன்னொரு கை தயாராக இருக்கிறது."

முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும் என்பதையும் சொன்னேன். முருங்கை மரம் அந்த நாட்டிலும் உண்டு, அதனால் உடனே புரிந்தது. முன்பு குளித்த குழந்தையின் பாட்டியைப் பற்றிக் கேட்டாளே, அந்தப் பெண் எழுந்தாள். இரட்டையரில் இரண்டாவதாகப் பிறந்தவள், அதாவது மூத்தவள். "ஒடித்தால் முருங்கை தளிர்க்கும் சார். பிள்ளையை அடித்தால் எது தளிர்க்கும்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. விடவில்லை அவள். "சிறுவன் அறிவும் பெரியவர் அறிவும் சேர்ந்துதான் இஃபே உண்டாச்சுன்னா, மன்னிப்பு மட்டும் ஏன் நாங்களே கேட்கணும்?" என்றாள்.

துணைத் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அவள் கேட்டதே ஒரு பழமொழி மாதிரிதான் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க மறந்துவிட்டாள்" என்றார். சிரித்து முடித்தபின், "நியாயமான கேள்வி. எங்கள் பெரியவர்கள் யாரும் இதற்குப் பதில் சொன்னதில்லை" என்றும் சொன்னார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஊரைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் அடி உண்டு. மற்ற ஆசிரியர்கள் பிரம்பில்லாமல் வகுப்புக்குப் போனதில்லை. நான் அடித்தது அவர்களுக்குத் தவறல்ல, காரணம் தவறியதுதான் தவறு. எனக்கும் அன்றைக்கே ஞானம் வந்துவிடவில்லை. பிரம்பு அந்த ஆண்டு முடியும்வரை மேசைமேல்தான் இருந்தது. ஆனால் அதை எடுக்கும்போதெல்லாம், 'இவன் சொன்னது எனக்குப் புரிந்ததா?' என்று ஒரு கேள்வி குறுக்கே வந்து நிற்கும். கேட்டுப் பார்த்தால், பாதி நேரம் புரிந்திருக்காது. அப்படியே எடுப்பது குறைந்து, கடைசியில் நின்றுபோனது.

கம்பை ஒதுக்காதே என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த இங்கிலாந்தே, 1986-இல் சட்டம் போட்டு 1987 முதல் அரசுப் பள்ளிகளில் கம்பை ஒதுக்கிவிட்டது. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் வதைப்பதையும் தடை செய்கிறது. சட்டம் மாறிவிட்டது, பழமொழி மாறவில்லை. இன்றைக்கும் பெற்றோர் பள்ளிக்கு வந்து, "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மீதியெல்லாம் உரிச்சிடுங்க சார்" என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். சொல்வது பாசத்தில்தான். அருகில் நிற்கும் பிள்ளையின் முகத்தை நான் பார்ப்பேன். அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் அந்த முகத்தில் இருக்கும்.

குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே என்று நாம்தான் சொல்கிறோம். சிறுபிள்ளை இட்ட வேளாண்மை வீடு வந்து சேராது என்றும் நாம்தான் சொல்கிறோம். இரண்டையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து சொல்வோம். எந்த மக்களும் இப்படித்தான். அதனால், 'ஆங்கிலேயர் குழந்தைகளை அடக்குகிறவர்கள், ஆப்பிரிக்கர் கொண்டாடுகிறவர்கள், தமிழர் இப்படி' என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பழமொழியைக் கேட்டு ஒரு மக்களை எடை போடாதீர்கள். அதற்கு எதிரான பழமொழியும் அந்த வீட்டிலேயே இருக்கும், கேட்டால் கிடைக்கும். கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும்.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் நைஜீரியாவுக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் துபாயிலோ, மாலத்தீவிலோ, வீட்டிலிருந்தபடியே கணினித் திரை வழியாக வேறு கண்டத்துப் பிள்ளைக்கோ ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு உங்களில் பலருக்கு வரும். கையில் அழகான பாடநூல் இருக்கும். அதில் இருக்கிற அம்மா, அப்பா, பிள்ளை எல்லாம் வேறு ஒரு ஊர்க்காரர்கள். அந்தப் பிள்ளை மௌனமாக இருந்தால், மந்தம் என்று எழுதிவிடாதீர்கள். கண்ணைப் பார்க்காவிட்டால், திமிர் என்று எழுதிவிடாதீர்கள். உங்களுக்குப் புரியாத ஒன்றைச் சொல்லிவிட்டு நின்றால், உங்கள் பதிலுக்காக நிற்கிறதோ என்னவோ, ஒரு நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள். அந்த ஒரு நிமிஷம் நான் பொறுக்கவில்லை.

அந்தப் பையன் 1982-இல் ஓ லெவல் எழுதி முடித்தான். கடைசி நாள் என் வீட்டுக்கு வந்தான். பாட்டி கொடுத்தனுப்பிய யாம் கிழங்கு ஒன்று, நம் பெருவள்ளிக் கிழங்கின் உறவு, அவன் கை நீளத்துக்கு இருந்தது. அதை வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, "டோடோ, ஓ ஷே பி ஓவே ஓ" என்று சொல்லி நிறுத்தினான். இந்தத் தடவை என் வசனம் எனக்குத் தெரியும். யொரூபாவில் சொல்லப் பார்த்தேன், நாக்கு புரளவில்லை. தமிழிலேயே சொன்னேன், "இன்னும் நூறு சொல்லுவே, ராசா." அவனுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவன் என்ன பழமொழி சொன்னான் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். அது எனக்காகச் சொன்னது.

மணி அடிக்கப் போகிறது, பின்வரிசை நெளிகிறது. முடித்துக்கொள்கிறேன். இந்த மேடையில் எனக்குக் கற்பித்த பேராசிரியர்கள் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு வயது எழுபதைத் தாண்டினாலும் அவர்கள் முன்னால் நான் சின்னவன்தான். அவர்கள் எதிரிலேயே இவ்வளவு நேரம் பழமொழியாகச் சொல்லித் தள்ளிவிட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். டோடோ, ஓ ஷே பி ஓவே ஓ. ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதில் சொல்லிவிடுங்கள், சாப்பிடப் போகலாம்.